நாற்காலியில் இருந்தவர்

அன்புள்ள அப்பாவுக்கு,

மகளின் வணக்கம். உங்கள் இருமல் குறைந்ததா? அண்ணன் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறானா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், நம்புங்கள்.

மனச்சிதைவு உள்ளவர்களின் கண் அசைவைப் பதிவு செய்வதுதான் இந்த ஆராய்ச்சி மையத்தில் என் வேலை. பல நாட்டு நோயாளிகள் வருவார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, நோய் இல்லாதவர்களையும் உட்கார வைப்போம். போன வாரம் ஆள் வராததால் நானே உட்கார்ந்தேன். திரையில் யாரோ ஒரு குடும்பத்தின் படம். பதிவைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு முகம் மாறிவிட்டது.

"எல்லாரையும் பார்த்திருக்கே. நாற்காலியில இருக்கிற அப்பா முகத்துல மட்டும் உன் கண்ணு ஒரு தடவைகூட நிக்கலையேம்மா. நோயாளிங்கதான் இப்படி முகத்தைத் தவிர்ப்பாங்க."

"நோயெல்லாம் இல்ல டாக்டர். எங்க வீட்டுல அப்பாவை நிமிர்ந்து பார்த்தே பழக்கமில்ல" என்றேன். சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி எதையோ எழுதிக்கொண்டார்.

எனக்குத்தான் அன்று வேலை ஓடவில்லை. "முகத்தைப் பார்த்துப் பேசுடா" என்று நீங்கள் அதட்டும்போதெல்லாம் அண்ணனின் தலை இன்னும் குனியும். அதில் எவ்வளவு அவனுடைய மனச்சிதைவு, எவ்வளவு நம் வீட்டுப் பழக்கம் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை அப்பா.

ஒரு சின்ன உதவி. அம்மாவிடம் சொல்லி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அண்ணன் பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள். அவன் எங்கே பார்த்தாலும் பரவாயில்லை, அதட்ட வேண்டாம். நீங்கள் மட்டும் கேமராவை நேராகப் பாருங்கள். உங்கள் முகத்தை நான் ஒரு தடவை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்