விட்டுப்போன இரண்டு வரி

அன்புள்ள மூத்தவளுக்கு அம்மா எழுதுவது, நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்குகிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன், இல்லையென்றால் அதற்கென்று தனியாக ஒரு திட்டுக் கடிதம் வரும். இங்கே எல்லோரும் சௌக்கியம். இந்த வார்த்தையை வழக்கமாக யோசிக்காமல் எழுதிவிடுவேன், இந்தத் தடவை எழுதிய பிறகு பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய் உன் அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன். வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். சௌக்கியம்தான். கடற்கரைக் கதையை அவர் போனில் உனக்கு ஏற்கெனவே அளந்திருப்பார், அதில் அவர் சித்தி மகள் எலியைத் தோளில் தூக்கிக்கொண்டு பாறைமேல் சிலை மாதிரி நின்றிருப்பார். நின்றது உண்மை. ஆனால் அவர் ஏன் அங்கே நிற்க வேண்டி வந்தது என்பதை மட்டும் என்மேல் உள்ள இரக்கத்தில் விட்டுவிட்டாராம். ஏற்கெனவே விட்டுப்போனது போதும், அதை நானே சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பினோம். நான், அப்பா, உன் சித்தி, சித்தியின் ஏழு வயதுச் சுட்டி மகள் எலி, அப்பாவின் சிநேகிதர் லிஃப்ட் மெக்கானிக். சித்தப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை, கிடைக்காத சந்தோஷத்தை அவரால் மறைக்கவும் முடியவில்லை. வாடகைக்கு எடுத்த வீடு கடலுக்கு நேர் எதிரே, பால்கனியில் நின்றால் முகமெல்லாம் உப்பு. வீட்டுக்காரம்மா முன்பு உள்நாட்டில் எங்கேயோ திரைச்சீலைக் கடை வைத்திருந்தவர், இங்கே வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறதாம், வீட்டில் ஜன்னலைவிடத் திரைச்சீலை அதிகம். உள்ளே நுழைந்ததும் நான் பார்த்தது கடலை இல்லை. ஃப்ரிட்ஜ் பக்கத்தில் ஆணியில் தொங்கிய தாள் கட்டு. எங்கள் அச்சகத்தில் அடித்த கடல் நேர அட்டவணை, மாதத்துக்கு ஒரு பக்கம், ஒவ்வொரு தேதிக்கும் எதிரே தண்ணீர் எப்போது ஏறி நிற்கும், எப்போது இறங்கி நிற்கும் என்று இருக்குமே, உனக்குக்கூட ஒன்று அனுப்பியிருந்தேனே, அதுதான். சும்மா இருந்திருக்கலாம். வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டு, இதில் ஒவ்வொரு எண்ணும் என் கண் பட்டுத்தான் வெளியே வந்தது என்று சொன்னேன். பதினெட்டு வருஷமாகப் பிழை திருத்துகிறவள் நான், ஓட்டலில் சாப்பிடப் போனால் விலைப்பட்டியலில் தப்பு கண்டுபிடித்துவிட்டுத்தான் பசிக்கிறது என்பேன் என்று உனக்குத் தெரியாதா. அந்தம்மா மரியாதையாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த மரியாதை இப்போது நினைத்தாலும் முதுகில் குத்துகிறது.

சனிக்கிழமை காலையில் எலி கண் விழித்ததிலிருந்து பாறை பாறை என்று ஒரே பாட்டு. கரையிலிருந்து கால் மணி நேர நடையில் கடலுக்குள் ஒரு கரும்பாறை இருக்கிறது, தண்ணீர் இறங்கும்போது அதுவரை மணல் திட்டு தெரியும், நடந்து போய் நண்டு பார்த்துவிட்டு வரலாம். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டவணையைப் பார்த்தார். பத்து ஐம்பத்தைந்துக்குத் தண்ணீர் அடிமட்டம் என்று இருந்தது. அப்படியானால் பத்தேகாலுக்குக் கிளம்பினால் போகப் போக இன்னும் இறங்கும், சாவகாசமாகப் பன்னிரண்டு மணிக்குத் திரும்பலாம் என்று கணக்குப் போட்டார். கணக்கில் ஒரு குறையும் இல்லை. சித்தி எலிக்குத் தொப்பியை மாட்டிவிட்டு, எதற்கும் இன்னொருமுறை என்னைப் பார்த்து, போகலாமில்ல அக்கா என்று கேட்டாள். நான் அட்டவணையை விரலால் தட்டி, போகட்டும் போகட்டும் என்று பெருந்தன்மையாக அனுமதி கொடுத்தேன். அப்பா, மெக்கானிக், எலி மூன்று பேரும் போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, உன் சித்தியின் மாமியார் புதிதாக முடிக்குச் சாயம் பூசிக்கொண்ட விவகாரத்தை ஆரம்பித்தோம்.

சாயம் காதுக்கு வந்த கட்டத்தில் என் செருப்பைக் காணவில்லை. அலையோரத்தில் காயவிட்டிருந்தேன், ஒன்று தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. ஏதோ பெரிய அலை என்றாள் சித்தி. எடுத்து வந்து இரண்டு முழம் மேலே வைத்தேன். ஐந்து நிமிடம் ஆகவில்லை, மறுபடி மிதந்தது. மூன்றாவது தடவை நான் செருப்பை எடுக்கவில்லை, கடலைப் பார்த்தேன். மணி பத்து நாற்பத்தைந்து. இறங்க வேண்டிய தண்ணீர் எதற்கு என் செருப்பைத் தேடி வருகிறது என்று தோன்றியது. கழிப்பறைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சித்தியிடம் பொய் சொல்லிவிட்டு, இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நான் ஓடி நீ பார்த்ததில்லை, பார்க்காமல் இருப்பது உனக்கு நல்லது.

ஆணியிலிருந்து தாளைப் பிடுங்கி, ஊர் சுற்ற வந்தவளாக இல்லாமல் பிழை திருத்துகிறவளாக முதல் தடவை பார்த்தேன். கடல் நேரம் நாளுக்கு நாள் முக்கால் மணி, ஐம்பது நிமிடம் என்று தள்ளித் தள்ளிப் போகும், எந்த இடத்திலும் குதிக்காது. இந்த மாதம் பதினொன்றாம் தேதிக்கும் பன்னிரண்டாம் தேதிக்கும் நடுவில் ஒரேயடியாக இரண்டரை மணி நேரம் குதித்திருந்தது. இரண்டு நாளுக்கான வரி விட்டுப்போயிருக்கிறது. அடியில் இருந்த நேரமெல்லாம் இரண்டு வரி மேலே ஏறிப் போய் வேறு தேதிக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் பார்த்தது சனிக்கிழமையின் நேரமே இல்லை, திங்கட்கிழமையின் நேரம். கடல் ஒன்பதேகாலுக்கே அடிமட்டத்துக்குப் போய், ஒன்றரை மணி நேரமாக ஏறிக்கொண்டிருக்கிறது. எலி அங்கே நண்டு பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

படியில் இறங்கும்போது வீட்டுக்காரம்மா எதிரே வந்தார். படகுக்காரருக்கு உடனே போன் பண்ணுங்கள் என்றேன். அவர் சிரித்தார். "தாள்ல பதினோரு மணிக்குத்தான் நல்லா இறங்கும்னு போட்டிருக்கேம்மா. சும்மா கூப்பிட்டா அந்த ஆளு கத்துவாரு." பின்னாலேயே சித்தியும் வந்துவிட்டாள், இவ்வளவு வேகமாக நான் கழிப்பறைக்கு ஓடியது அவளுக்குச் சந்தேகமாக இருந்திருக்கிறது. என்ன அக்கா என்றாள். ஒன்றுமில்லை என்று ஒரு வார்த்தை என் வாயில் வந்துவிட்டது, உண்மையைச் சொல்கிறேன், வந்தேவிட்டது. அட்டவணை எங்கேயோ தப்பாக இருக்கலாம், யாரோ அடித்தது என்று சுற்றி வளைத்துச் சொல்ல ஒரு நிமிடம் போதும், அந்த ஒரு நிமிடத்துக்குத் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று எனக்குத் தெரியவில்லை. "இந்தத் தாளே தப்பு. சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவ நான்தான்." வீட்டுக்காரம்மா போனை எடுத்தார். சித்தி என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன்.

படகுக்காரர் வந்ததும் கடலை ஒருமுறை, தாளை ஒருமுறை பார்த்தார். "ஏற ஆரம்பிச்சு எவ்வளவு நேரமாச்சு, இதுக்குப் போயி தாளையா பாப்பாங்க" என்றார். இன்ஜின் முதல் இழுப்பில் கிளம்பவில்லை, இரண்டாவதிலும் கிளம்பவில்லை. ஐந்தாவது இழுப்பில் கிளம்பியது. சித்தியை ஏற்றிக்கொண்டார், என்னைப் பார்த்துவிட்டு எடை அதிகம் என்றார், வாழ்க்கையில் முதல் தடவையாக அதற்குக் கோபம் வரவில்லை. நான் கரையில் நின்று சித்தியின் குடையை விரித்து வீசினேன், அங்கிருந்து உன் அப்பா சந்தோஷமாகப் பதிலுக்குத் தொப்பியை வீசினார். நான் டாட்டா காட்டுகிறேன் என்று நினைத்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் தொப்பி நின்றுவிட்டது. மூன்று பேரும் பாறையின் அடியிலிருந்து மேலே மேலே ஏறுவது தெரிந்தது. உச்சியில் மூன்று பேர் நிற்கலாம், உட்கார முடியாது என்று வீட்டுக்காரம்மா எனக்குத் தைரியம் சொன்னார்.

அங்கே நடந்ததைப் பிறகு தெரிந்துகொண்டேன். தண்ணீரைப் பார்த்ததும் அப்பா, முட்டி அளவுதானே, ஓடிவிடலாம் என்று எலியைத் தூக்கிக்கொண்டு மணல் திட்டில் இறங்கிவிட்டார், அந்த வீங்கின முட்டியோடு. நடுவில் இடுப்பளவு ஆகி, இழுப்பு வேறு. மெக்கானிக் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்திருக்கிறார். "நடுவுல நின்னுபோச்சுன்னா வெளிய குதிக்கக் கூடாது. ஆள் வர்ற வரைக்கும் நின்ன இடத்துலயே நிக்கணும்." முப்பது வருஷமாக லிஃப்டில் மாடிக்கும் மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று சொல்லி வரும் வசனமாம். இத்தனை வருஷமாக அந்த மனிதரைப் பேசத் தெரியாதவர் என்று நான் கேலி பண்ணியிருக்கிறேன். படகு போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் கணுக்காலில் தண்ணீர். எலி மட்டும், பாறையில் நின்ற நேரமெல்லாம், மெக்கானிக்கைப் பார்த்து, மாமா நம்ம லிஃப்ட் இப்ப எத்தனாவது மாடி என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

கரை வந்ததும் சித்தி எலியைத் துவட்டினாள், துவட்டிக்கொண்டே இருந்தாள், காய்ந்த பிறகும் துவட்டினாள். என்னிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாள். "உன் கண்ணை நம்பித்தான் அனுப்பிச்சேன்." எதிரே தெருவைப் பார்த்தேன். கடலைப் பார்த்த வீடுகள் இருபது இருக்கும், ஒவ்வொன்றிலும் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் ஒரு ஆணி, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கைப்பையில் என் சிவப்புப் பேனா எப்போதும் இருக்கும். வீடு வீடாகப் போனேன். கதவைத் தட்டி, இந்த அட்டவணையில் தப்பு விட்டவள் நான்தான், உள்ளே வந்து எழுதிவிட்டுப் போகட்டுமா என்று கேட்டால் ஜனங்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று நினைக்கிறாய். ஒருவர் எந்தக் கம்பெனி விளம்பரம் என்றார். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்து விட்டார்கள், சின்ன நாய்தான். ஒவ்வொரு தாளிலும், இன்றைய நேரத்தை இரண்டு வரி மேலே பார்க்கவும் என்று எழுதினேன். நாலாவது வீட்டில் திரும்பிப் பார்த்தால் சித்தி பின்னால் நிற்கிறாள். அடுத்த வீட்டுக் கதவை அவள் தட்டினாள். கடைசி வீட்டில் ஆறு பேர் குடும்பம் மறுநாள் காலையில் பாறைக்குப் போவதற்குப் பலூன்கூட ஊதி வைத்திருந்தார்கள்.

முதலாளிக்குச் சனிக்கிழமையே போன் பண்ணிவிட்டேன். திங்கட்கிழமை அறைக்குள் கூப்பிட்டு, திருத்தச் சீட்டு அறுநூறு அடிக்கச் சொன்னார், அட்டவணை வேலை இனிமேல் உங்களுக்கு வேண்டாம் என்றார். கத்தவில்லை, கத்தியிருக்கலாம். இனி எனக்கு ஓட்டல் விலைப்பட்டியல்தான், நான் கேலி பண்ணினதுக்குச் சரியான தண்டனை. சித்தி நேற்று போன் பண்ணினாள், மாமியார் சாயம் கழுத்துவரை இறங்கிவிட்டதாம். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டாள், நான் அழுதுவிட்டேன்.

திருத்துவதற்கு வந்த அந்தப் புரூஃபை எந்த நாளில் பார்த்தேன் என்று டைரியில் தேடினேன், கண்ணு. நீ போன் பண்ணின நாள். கீழ்வீட்டுத் தம்பதி பிரிந்து மறுபடி சேர்ந்த கதையை உனக்கு முக்கால் மணி நேரம் சொன்னேனே, அன்றைக்கு. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன், கையில் பேனா. அப்பா இதை எழுதாதே, பிள்ளை வருத்தப்படும் என்றார். நீ வருத்தப்பட ஒன்றுமில்லை, வைக்கட்டுமா அம்மா, வைக்கட்டுமா அம்மா என்று நீ மூன்று தடவை கேட்டாய், வைக்கவிடாதவள் நான். இனி வேலை நேரத்தில் நீ கூப்பிட்டால் எடுக்க மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கூப்பிடு, அப்போது எவ்வளவு கதை வேண்டுமானாலும் உண்டு.

நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல், நினைத்ததெல்லாம் நடந்து, நூறு வயசு இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம், குளிருக்குக் காதை மூடச் சொல். ஒரு வேலை மறக்காமல் செய். உன் சமையலறைச் சுவரில் நான் அனுப்பிய அட்டவணை தொங்குகிறதல்லவா, அதன் கடைசிப் பக்கத்தில் அடியில் ஒரு மீன் படம் இருக்கும், அழகாக இருக்கிறது என்று நீகூட எழுதியிருந்தாய். அங்கே இரண்டு தேதிக்கு எதிரே நேரம் இல்லாமல் வெறுமையாக இருந்தது. மூலப் பிரதியை எடுத்துப் பார்க்கச் சோம்பல்பட்டு, இடம் மிச்சம் என்று அந்த மீனைப் போடச் சொன்னவள் நான்தான். சிவப்புப் பேனா எடுத்து இந்த மாதத்திலிருந்து எல்லாப் பக்கத்திலும், இரண்டு வரி மேலே பார்க்கவும் என்று எழுது. உன் ஊரில் கடல் கிடையாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுது.

உன் அன்புள்ள,
அம்மா