கீழ்வீட்டுச் சாமான், மேல்வீட்டுப் பரண்

உம்முடைய நொண்டி மின்விசிறி இன்று காலை சுற்றியது வே. கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, தூசி தட்டி, சும்மா சொருகிப் பார்த்தேன். முதலில் முனகியது. தலையில் ஒரு தட்டு தட்டியதும் காற்று வந்தது, கூடவே மெஷின் எண்ணெயும் பூச்சி உருண்டையும் கலந்த அந்த வாசனை. உம் வீட்டுப் பரணுக்குள் தலையை விட்டால் வரும் வாசனை. உம் சட்டையிலும் அதுதான் அடிக்கும்.

மகள் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இதை நேத்தே பிக்ரிவாலாகிட்ட போட்டாச்சுன்னு அம்மாகிட்ட சொன்னீங்க."

"போட்டேன் தாயி. அவன் எடுக்கல."

"அவன் நேத்து இந்தப் பக்கமே வரல."

தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். அவளுக்கும் பிள்ளைக்கும் இந்தச் சின்ன அறை வேண்டும். அறைக்குள் ஒரு கட்டில் இருப்பதே எங்களுக்குப் போன வாரம்தான் தெரிந்தது, அவ்வளவு சாமான். ஒரு வாரத்துக்குள் காலி செய்யாவிட்டால் சாமானோடு என்னையும் பிக்ரிவாலாவின் பழைய சாமான் வண்டியில் ஏற்றிவிடுவதாக என் பெண்டாட்டி சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள், உமக்குத் தெரியும்.

சிக்கல் என்னவென்றால், அறையில் இருப்பதில் பாதி உம்முடையது.

எப்படி ஆரம்பித்தது இந்த வியாபாரம்? டாக்குரியாவில் இந்தக் கட்டிடத்துக்குக் குடிவந்த முதல் போகியென்று நினைக்கிறேன். கீழே நான், மேலே நீர். பழசையெல்லாம் கழித்தால்தான் பொங்கல் பானை அடுப்பில் ஏறும் என்று இரண்டு வீட்டுப் பெண்டுகளும் ஒரே நாளில் உத்தரவு போட்டார்கள். வேலை பார்த்த காளிகாட் கடையிலிருந்து நான் சேர்த்த பிஸ்கட் டின்களைப் போர்வையில் கட்டிக்கொண்டு படியேறுகிறேன். நீர் இந்த மின்விசிறியைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்குகிறீர். நடுப்படியில் இரண்டு பேரும் நின்றோம்.

"எங்கவே?"

"உம்ம வீட்டுக்குத்தான். நீரு எங்க?"

"உம்ம வீட்டுக்குத்தான்."

அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? என் குப்பை உம் பரணுக்கு ஏறியது, உம் குப்பை என் கட்டிலுக்கு அடியில் இறங்கியது. வீட்டில் இருந்த பழசு போய்விட்டது என்று இரண்டு பெண்டாட்டிகளுக்கும் திருப்தி. அடுத்த போகிக்கு அதுவே திரும்பவும் ஏறும், இறங்கும். இப்படியே நம் தலை நரைக்கும்வரை ஓடியது. ரயில்வே ஆபீஸில் பைல்களை மேசைக்கு மேசை நகர்த்திய பழக்கம் உமக்குக் கைகொடுத்தது. பத்தாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு உம்மைப் பார்த்துத்தான் நிர்வாகம் புரிந்தது.

கைப்பிடி போன குடையைக் காட்டி, "இது எதுக்குவே?" என்று ஒருநாள் கேட்டேன். "இருக்கட்டும்வே, ஒரு நாள் உதவும்" என்றீர். எதைக் கேட்டாலும் அதே பதில்தான். அந்த ஒரு நாள் எந்த நாள் என்று மட்டும் கடைசிவரை சொல்லாமலே போய்விட்டீர்.

நீர் போனபிறகு போகிக்கு நான் படியேறுவதில்லை. எதிரே இறங்கி வர ஆள் இல்லாமல் என்ன ஏற்றம்? அதனால்தான் இந்த அறை இப்படி நிறைந்தது. வெளியே போட்டால் உம்மையே போட்டமாதிரி இருக்கும் என்று சொன்னால் இவர்கள் சிரிப்பார்கள். நானே சிரித்திருப்பேன்.

நேற்று உம் வீட்டு மதினி மேலிருந்து இறங்கி வந்தார். மகளுக்கு உளுந்தங்களி கிண்டிக் கொண்டுவந்து, டிரங்குப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கட்டிலுக்கு அடியில் கிடந்த குடையையும் மின்விசிறியையும் நான் போர்வை போட்டு மறைப்பதற்குள் பார்த்தாகிவிட்டது.

"மறைக்காதீங்க கொழுந்தனாரே. எங்க வீட்டுப் பரண்ல உங்க பிஸ்கட் டின்னு பூரா பத்திரமா இருக்கு. நாங்க ரெண்டு பேரும் மொத வருசத்துலயே கண்டுபிடிச்சாச்சு."

சமையலறையிலிருந்து என் பெண்டாட்டியின் சிரிப்புச் சத்தம். நம் ராஜதந்திரம் அவ்வளவுதான் வே.

அந்த நேரம் பார்த்து மகள் ஜன்னல் திரையைத் துவைக்கப் போடுகிறேன் என்று பச்சைக் கம்பைக் கழற்றினாள். அது கைநழுவித் தரையில் விழுந்து உருண்டது. நீர் கொண்டுவந்த சாமான்களில், திரும்ப மேலே போகாத ஒரே சாமான் அதுதான். உம் கையாலேயே பச்சைப் பெயின்ட் அடித்து, நீரே மாட்டினீர். இரண்டு முனையிலும் குமிழ், குமிழுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம். "பர்தாக் கம்புக்கு எதுக்குவே பள்ளம்?" என்று கிண்டல் செய்தேன். "கயிறு நழுவாம இருக்கத்தான்" என்றீர். வெள்ளையடிக்கும்போதெல்லாம் இறங்கி வந்து, "கம்பை மட்டும் தூரப் போட்டுறாதேயும்" என்று சொல்லிவிட்டுப் போவீர். ஒரு கம்புக்கு இவ்வளவு கரிசனமா என்று நினைத்துக்கொள்வேன்.

மகள் எடுத்துப் பார்த்தாள். "அப்பா, இது என்ன? அடியில வேற கலர் இருக்கு."

விழுந்த இடத்தில் பச்சை பெயர்ந்து, உள்ளே சிவப்பும் மஞ்சளும் வரி வரியாகப் பளபளத்தது. சாவியால் இன்னும் கொஞ்சம் சுரண்டினேன். நம் ஊர்ப்பக்கத்து அரக்கு வேலை. சேலைத் தொட்டில் சுருங்காமல் விரித்துப் பிடிக்கிற தொட்டில் கம்பு.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. உமக்கும் மதினிக்கும் பிள்ளை இல்லை. எத்தனையோ வருஷம் காத்திருந்தீர்கள். ஊருக்குப் போனபோது ஆசையாக வாங்கியிருக்கிறீர். அப்புறம் வீட்டில் வைத்துப் பார்க்கவும் முடியவில்லை, போடவும் மனம் வரவில்லை. பச்சையைப் பூசி என் ஜன்னலில் மாட்டிவிட்டீர். அதை மதினியின் கண்ணெதிரே சுரண்டி வைத்துக்கொண்டு நிற்கிறேன் நான். ஜன்னல் வழியே குதிக்கலாம் என்றால் அது தரைத்தளம்.

மதினி கம்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"நான்தான் இதைக் கண்ணுல படாம எங்கயாவது கொண்டு போடுங்கன்னேன். ஆத்துல போட்டாச்சுன்னாரு. இத்தன வருசமா இந்தத் திரைய விலக்கித்தான நான் மழை பார்த்தேன்." பிறகு தலையைத் தூக்கினார். "ஒரு மாடி எறங்கினதுக்கா மனுசன் ஆறு வரைக்கும் போனேன்னாரு?"

சிரிக்க ஆரம்பித்தார் வே. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். மகள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நாங்கள் பெரியப்பா என்று சொல்லிக் கொடுத்தும், பக்கத்து வீட்டு வங்காளிப் பிள்ளைகளைப் பார்த்து உம்மை ஜேட்டு என்றுதான் கூப்பிடுவாள் அல்லவா?

"பெரியம்மா, ஜேட்டு வாங்கினதுலயே எம்பிள்ளைக்குத் தொட்டில் கட்டலாமா?"

"கட்டாம? ஆனா பிள்ள பொறக்கதுக்கு முந்தி தொட்டில் சாமான் இங்க இருக்கக் கூடாது. நான் மேல கொண்டுபோய்ப் பச்சையெல்லாம் தேச்செடுத்து வைக்கேன். பதினாறாம் நாள் எங்கையால கட்டுதேன்."

கம்பு மேலே போய்விட்டது. திரை இப்போது நைலான் கயிற்றில் தொங்குகிறது, நடுவில் என் வயிற்றைப் போலத் தொய்ந்து. இன்று பிக்ரிவாலா நிஜமாகவே வந்தான். குடை, டப்பா, டிரங்குப் பெட்டி எல்லாம் போயிற்று. எனக்கு வருத்தம் இருக்கும் என்று பார்த்தேன், இல்லை. உமக்கு வேண்டிய சாமான் தப்பிவிட்டதே.

மின்விசிறியும் போய்விட்டதாகத்தான் என் பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறேன். அவள் குளிக்கப் போன நேரத்தில் அதைப் போர்வையில் கட்டித் தோளில் ஏற்றிக்கொண்டேன். முட்டி இரண்டும் முனகின. நடுப்படியில் வழக்கம்போல நின்றேன். நீர் எதிரே வரவில்லை. மேலே மதினி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மடியில் கம்பும் கையில் உப்புக் காகிதமுமாக உட்கார்ந்திருந்தார். என்னையும் தோளையும் பார்த்தார்.

"பரண்ல வைங்க கொழுந்தனாரே. ஒரு நாள் உதவும்."