சனிக்கிழமைகளில் நீ கட்டிய வீடு

எங்கள் அலுவலகத்தின் ஆறாம் தளத்தைக் காலி செய்கிறார்கள். இன்று காலை லிஃப்டை விட்டு இறங்கினால் நடைபாதை முழுக்க நாற்காலிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஏலத்துக்கான மஞ்சள் சீட்டு. பழைய ஸ்பாஞ்சும் தூசியும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. நீ இருந்திருந்தால் ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு அடியில் இருக்கும் திருகுகளை ஆட்டிப் பார்த்திருப்பாய். "தாங்கும்ட்டி. துணிய மட்டும் மாத்திட்டா போதும்" என்றிருப்பாய். நான் கைப்பையை இறுக்கிக்கொண்டு என் இடத்துக்கு வந்துவிட்டேன். மதியச் சாப்பாட்டு வேளை இது. சாப்பிடப் போகாமல் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான்கு வருடங்களுக்கு முன்பு, எட்டு வயது மகளைக் கூட்டிக்கொண்டு, இரண்டு பெட்டிகளோடு கணவர் வீட்டை விட்டு வந்தேன். தார்நாகாவில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் வீடு கிடைத்தது. ஒரு கூடம், இரண்டு படுக்கையறை, சமையலறையை ஒட்டி ஒரு சின்ன அறை. பாயில் படுத்தோம், தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். குடும்ப நீதிமன்றத்தில் அவர் தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொண்டார். குழந்தைக்குக் கட்டில் இல்லை, படிக்க மேசை இல்லை, இது ஒரு வீடே இல்லை என்றார். நீதிமன்ற ஆலோசகர் நேரில் வந்து பார்த்து அறிக்கை தர வேண்டும் என்று உத்தரவானது. மகளை அவரிடமே அனுப்பிவிடுவார்கள் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். புதுச் சாமான் வாங்க என்னிடம் வழியில்லை. கேண்டீனில் உன் எதிரே உட்கார்ந்து அழுதேன். இரண்டு வருடங்களாகப் பக்கத்து இருக்கைக்காரி நீ. அதுவரை நமக்குள் சாம்பார் ருசியும் மேனேஜர் குணமும்தான் பேச்சு.

"அழுதது போதும்ட்டி. எத்தன நாள் இருக்கு?"

"அஞ்சு வாரம்."

"அஞ்சு சனிக்கிழம. பாத்துக்கிடுவோம்."

முதல் சனிக்கிழமை பேகம்பேட்டில் மூடிய ஒரு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனாய். கூட்ட அறையின் நீளமான தேக்கு மேசை யாரும் கேட்பாரில்லாமல் கிடந்தது. அதையும், நான்கு இழுப்பறைகள் கொண்ட இரும்புக் கோப்பு அலமாரி ஒன்றையும் எடுத்துக்கொண்டோம். சரக்கு ஆட்டோவின் பின்னால் மேசையைப் பிடித்தபடி வந்தோம். ஒரு தெரு முனை வந்ததும் துப்பட்டாவைத் தலையில் இழுத்துப் போட்டுக் குனிந்துகொண்டாய். "வெயிலு" என்றாய். உன் வீடு அந்தத் தெருவில் என்று எனக்கு அப்போது தெரியாது. சனிக்கிழமைகளில் அலுவலகத்தில் வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டு வருகிறாய் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

மேசையை இரண்டாக அறுக்கச் சொன்னபோது தச்சருக்கு மனசே வரவில்லை. "கைக்கு மேடம்?" என்று ஹிந்தியில் ஏன் எனக் கேட்டு உன்னையே பார்த்தார். உன் திருநெல்வேலி ஹிந்தியில் நீ விளக்கினாய்: பாதி சாப்பிட, பாதி படிக்க. வெட்டிய பக்கத்துக்கு இரும்புக் கால் வைக்கும் யோசனையும் உன்னுடையதே. ஊருக்குத் திரும்பும் ஓய்வுபெற்ற தம்பதியிடமிருந்து பிரம்பு சோபா வந்தது. பின்னல் கிழிந்த இடங்களில் நீயே நைலான் கயிறு பின்னினாய். என் பட்டுச்சேலைகளை வெட்டித் திரைச்சீலை தைத்தாய். கல்யாணத்துக்கு எடுத்த அரக்குச் சேலையில் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு, "வெட்டட்டுமா?" என்று ஒரு முறை மட்டும் கேட்டாய். நான் தலையாட்டினேன். அன்றைக்கு இருவரும் சிரித்த சிரிப்பில் கீழ் வீட்டுக்காரம்மா மாடி ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

"இன்னொரு வீட்டுல நின்ன சாமானுக்கு வீடுன்னா என்னன்னு தெரியும்ட்டி" என்பாய். அப்போது நம்பினேன். இப்போது இல்லை. சாமானுக்கு ஒன்றும் தெரியாது. எத்தனை பேர் நடுவில் நின்றாலும் அது யாரையும் காப்பாற்றாது.

ஆணி அடிப்பதில் உனக்கு இருந்த ஆசையை நான் கவனிக்காமல் இல்லை. படம் மாட்ட ஒன்று போதுமென்றால் நான்கு அடிப்பாய். கேட்டதற்கு, "எங்க வீட்டுல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் அவரட்ட கேக்கணும். கேட்டா சொவரு பாழாயிரும்பாரு" என்றாய், சுத்தியலை நிறுத்தாமல். ஒரு நாள் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கும்போது உன் ஃபோன் விடாமல் அடித்தது. நீ அதை என் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தாய். கிளம்பும் முன் நகக்கண்ணில் ஒரு துளி பெயின்ட் இல்லாமல் டர்பன்டைன் போட்டுத் தேய்ப்பாய், தோல் சிவக்கும் வரை. இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நான் காபி போட்டேன்.

நான்காவது சனிக்கிழமை, மூடிய விடுதி ஒன்றிலிருந்து ஒற்றை இரும்புக் கட்டில் கொண்டுவந்தாய். மகளுக்கு ஏற்கெனவே கட்டில் ஆகிவிட்டது. சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் அதைப் போட்டு, குந்தி உட்கார்ந்து திருகை முடுக்கிக்கொண்டே பேசினாய்.

"இது இங்கயே கெடக்கட்டும்."

"யாருக்குடி?"

"எனக்குத்தான். கொஞ்ச நாளு இங்க வந்து இருந்துக்கிடட்டுமா? வாடகைல பாதி தாரேன்."

என் முகத்தை நீ பார்க்கவில்லை. பார்க்காமலே கேட்டதற்குக் காரணம் இருந்திருக்கும். என் மனசில் அந்த நேரத்தில் ஓடியது உன் முகம் இல்லை, அவர் வக்கீலின் குரல். புருஷனை விட்டு வந்த இரண்டு பேர் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், இங்கே ஒரு பெண் குழந்தை வளரலாமா என்று அவர் கேட்பது எனக்குக் கேட்டது.

"கேசு முடியட்டும்டி" என்றேன். "இப்ப வேண்டாம். அவங்களுக்கு வாய்க்கு அவல் போட்ட மாதிரி ஆயிடும்."

"அதும் சரிதான்" என்றாய். மீதித் திருகுகளையும் முடுக்கினாய். அடுத்த வாரம் வந்து நீயே அந்தக் கட்டிலை பால்கனிக்கு இழுத்துப்போய்ச் செங்குத்தாக நிறுத்தினாய். அதன் கம்பிகளில் சங்குப்பூக் கொடியை ஏற்றிவிட்டாய். "பாக்க அழகா இருக்குல்லா?" என்று கேட்டாய். இருந்தது. அதைச் சொல்லவும் செய்தேன். அதை நினைத்தால் என் நாக்கே எனக்குக் கசக்கிறது.

ஆலோசகர் வந்தார். சோபாவில் உட்கார்ந்து கயிற்றுப் பின்னலைத் தடவிப் பார்த்தார். "உன் இடம் எது?" என்று மகளிடம் தெலுங்கில் கேட்டார். அவள் நேராகக் கோப்பு அலமாரிக்கு ஓடினாள். நீ மஞ்சள் பெயின்ட் அடித்து ஒவ்வொரு இழுப்பறையிலும் தமிழில் எழுதியிருந்தாய்: பள்ளிக்கூடம், வீடு, வெளியே. கடைசி இழுப்பறையில் 'ரகசியம்'. அதை மட்டும் திறக்கமாட்டேன் என்றாள். ஆலோசகர் சிரித்துவிட்டார். குழந்தை இந்த வீட்டில் வேரூன்றியிருக்கிறாள் என்று அறிக்கையில் எழுதினார். இடைக்கால உத்தரவில் மகள் எனக்குக் கிடைத்தாள்.

இறுதித் தீர்ப்பு வர இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. வந்த அன்று கடைக்குப் போய் இனிப்பு வாங்கிவந்து என் வாயில் ஊட்டியது நீ. கேசு முடிந்துவிட்டது. நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை: வா. நீயே கேட்பாய் என்று இருந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், நீ மறந்துவிட்டாய் என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. வீடு அமைதியாக இருந்தது. எனக்கு அந்த அமைதி பிடித்துப்போயிருந்தது. உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு, கேள். ஒரு திருகு ஏறாவிட்டால் பத்து முறை முயற்சி செய்பவள், இதை ஏன் ஒரே ஒரு முறை கேட்டாய்?

அடுத்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. "காய்ச்சல். லீவு சொல்லிரு" என்று செய்தி அனுப்பினாய். மேனேஜரிடம் சொன்னேன். உனக்கு, நன்றாக ரெஸ்ட் எடு என்று பதில் போட்டேன். நான்கு நாள் உன்னை யாரும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போகவில்லை. ஐந்தாம் நாள் கொண்டுபோனபோது டெங்கு முற்றிவிட்டது. அதற்குப் பிறகு இரண்டே நாள்.

உன் வீட்டுக்குள் முதன்முதலாக அன்றுதான் நுழைந்தேன். எல்லாமே புதிது. தோல் சோபாவில் கடையில் போட்ட பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. சுவர்களில் ஒரு ஆணி இல்லை. உன் கணவர் வந்தவர்களிடம், "சாதாரணக் காய்ச்சல்தானேன்னு இருந்துட்டோம்" என்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல பிள்ளதான். ஆனா வீட்டு மேல ஒரு ஆச கெடையாது. ஒரு கர்ட்டன் கூட அவளா மாத்த மாட்டா. சனிக்கிழமையும் ஆபீஸு ஆபீஸுன்னு ஓடிருவா" என்றார்.

அவள் செய்த வீட்டைப் பார்க்க வேண்டுமானால் என் வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். நீ செத்துக் கிடக்கிறாய், இனி யாரும் உன்னை ஒன்றும் செய்ய முடியாது. அப்படியும் உன் பொய் வெளிப்பட்டுவிடக் கூடாதே என்று பயந்தேன். "ஆமாங்க்கா, எங்களுக்கு வேல ஜாஸ்தி" என்றேன். எல்லாரும் அழுதபோது நானும் அழுதேன்.

இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள் ஃபோட்டோ எடுக்கிறார்கள். குறைந்த செலவில் எப்படிச் செய்தாய், எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். சிநேகிதி ஒருத்தி செய்தாள் என்கிறேன். அவளுடைய நம்பர் கிடைக்குமா என்கிறார்கள்.

போன மாதம் மகளை ஸ்கூட்டரில் பள்ளியிலிருந்து அழைத்துவந்தேன். பன்னிரண்டு வயது ஆகிவிட்டது. தமிழில் பேசினால் பாதிக்குத் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் பதில் வரும். ஒரு சிக்னலில் நின்றிருந்தபோது என் காதுக்கருகில் திடீரென்று கேட்டாள்.

"மம்மி, ஆன்ட்டி ஏன் நம்ம கூட வந்து ஸ்டே பண்ணல?"

"ஏன் கேக்கற?"

"என்னைக் கேட்டாங்க கதா. அந்த ஸ்மால் ரூம்ல நான் இருந்துக்கிடட்டுமான்னு. நான் ஓகே சொன்னேன்."

உன் நெல்லைப் பேச்சை அப்படியே சொன்னாள். அவளிடமும் கேட்டிருக்கிறாய். எட்டு வயதுக் குழந்தை யோசிக்காமல் சரி என்று சொல்லியிருக்கிறது.

பொய் சொல்லியிருக்கலாம். ஆன்ட்டிக்கு நேரம் கிடைக்கவில்லை என்றிருக்கலாம். ஏனோ முடியவில்லை. "நான்தான் வேண்டாம்னு சொன்னேன்" என்றேன்.

பச்சை விழுந்தது. பின்னாலிருந்து ஹாரன்கள் கத்தின. வண்டியைக் கிளப்பினேன். என் இடுப்பைச் சுற்றியிருந்த அவள் கைகள் மெல்ல விலகின. கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து தினமும் அந்தக் கம்பியைத்தான் பிடித்துக்கொள்கிறாள்.