அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நலம். அடுத்த மாதம் மலைப்பாதையில் எண்பது கிலோமீட்டர் ஓடப் போகிறேன். பனிக்காலம்தான், ஆனால் நாளெல்லாம் சலவைக்கூடத்து நீராவியில் நிற்பவனைக் குளிர் என்ன செய்யும்? போன வாரம் பயிற்சியில் மூடுபனியில் வழி தப்பி, ஆட்டுக்கொட்டகையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆடுகள் என்னை நன்றாகவே கவனித்துக்கொண்டன.

ஏதாவது ஆனால் யாரை அழைப்பது என்று ஓட்டத்துக்கான படிவத்தில் கேட்டிருந்தார்கள். வெகுநேரம் யோசித்தும் இந்த ஊரில் அப்படி யாரும் நினைவுக்கு வரவில்லை, அங்கே இருக்கிற உன் எண்ணையே எழுதினேன்.

“அவங்க இங்க வந்து சேர எவ்வளவு நேரமாகும்?” என்றார் படிவம் வாங்கியவர்.

“வர மாட்டாங்க. போன்லயே திட்டுவாங்க, நான் எழுந்து ஓடிடுவேன்” என்றேன்.

என் கம்பளிக் குல்லாவை அனுப்பு. வேலைக்கு மணி அடித்துவிட்டது. ஓட்டத்தன்று போனை அடுப்படியில் விட்டுவிட்டு மாடிக்குப் போகாதே. தெரியாத எண்ணாக இருந்தாலும் எடு. எடுத்ததும் அழாதே, திட்டு.

உன் மகன்