மருமகளின் நட்சத்திரம்

முள்ளியவளை,
பங்குனி 4.

அன்பு மகன் கிருசாந்தனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் வைரவர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். ஒப்பரேசன் செய்த இடம் ஆறிவிட்டதா, பாரிஸ் குளிரில் பாரம் தூக்கப் போகாமல் இருக்கிறாயா என்று முதலில் எழுது. மூன்று வருசமாக அம்மா உன்னோடு போனில் கதைத்தால் எழும்பிப் போகிற மனுசன் இப்போது கடிதம் எழுதுகிறாரே என்று நீ யோசிப்பாய். சொல்ல வேண்டியது போனில் வாய்க்கு வராது, அதுதான்.

போன வெள்ளிக்கிழமை நம் வீட்டு வளவு வைரவருக்கு வருசப் பொங்கல். அதற்கு ஒரு கிழமை முந்தி, பூசை செய்கிற உன் வீரகத்தி மாமா அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் எழுத வந்தார். உன் பெயரோடு நான் நிறுத்திவிட்டேன். நீ கத்தோலிக்க வேதக்காரப் பிள்ளையைக் கட்டியதிலிருந்து அப்படித்தானே நிறுத்துகிறேன். அவர் பேனையை மூடிவிட்டார். "ஆசுப்பத்திரியில உவன் கிடக்கேக்க வேலைக்கும் போகாமல் பக்கத்தில இருந்தவள் ஆர் அத்தான்? அவளின்ரை பேர் இல்லாமல் இந்தமுறை நான் மணி தூக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டார். நட்சத்திரத்துக்கு நான் எங்கே போவேன்? உன்னிடம் கேட்கும்படி அம்மாவிடம் சொன்னேன். "வேண்டாமெண்டு நிண்டது நீங்கள், நீங்களே கேளுங்கோ" என்று அவள் குசினிக்குள் போய்விட்டாள். உன்னிடம் கேட்க எனக்கு ரோசம் விடவில்லை. கடைசியில் பஸ் ஏறி முள்ளிவாய்க்காலுக்கு, அந்தப் பிள்ளை நிரோசினியின் தாய் றோசம்மா வீட்டுக்கே போனேன்.

றோசம்மா முற்றத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார். என் நெற்றித் திருநீற்றைக் கண்டதும் கருவாட்டுப் பாயை இழுத்து அப்பால் போட்டுவிட்டு, கை கழுவி, கதிரை தந்து, புதுக் கோப்பையில் தேத்தண்ணீர் கொண்டுவந்தார். நான் பொங்கலுக்கு விரதம் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை, அவராகவே விளங்கிக்கொண்டார். நட்சத்திரம் அவருக்குத் தெரியாது. பிறந்த திகதி தெரியும், விடியற்பூசைக்கு இரண்டாம் மணி அடிக்கும்போது பிள்ளை பிறந்தது, அப்போது ஐந்தே முக்கால் என்பதும் நினைவிருந்தது. எழுதிக்கொண்டு எழும்பும்போது, உங்கள் கோயிலில் பிள்ளைகளுக்கு இப்படிச் செய்வதில்லையா என்று சும்மா கேட்டேன். "எங்கடை கோயில்ல நட்சத்திரம் கேக்கிறேல்லை அண்ணை, பேர் மட்டும் காணும். மூண்டு வருசமா கிருசாந்தன், நிரோசினி எண்டு ரெண்டு பேரையும் சேத்துத்தான் பூசைக்குக் குடுக்கிறன்" என்றார்.

மகனே, எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த மனுசி என் பிள்ளைக்காக மன்றாடிக்கொண்டிருக்க, நான் அவரின் பிள்ளையின் பெயரை ஒருநாளும் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது கண் கலங்கியது, பக்கத்தில் இருந்தவருக்குத் தூசி என்று சொன்னேன்.

திகதியையும் நேரத்தையும் போனில் போட்டுப் பார்த்து அத்தம் என்றார் மாமா. பொங்கலன்று பானை கிழக்குப் பக்கமாக வழிந்தது. அர்ச்சனையில் நிரோசினி, அத்த நட்சத்திரம் என்று நானே சத்தமாகச் சொன்னேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை, வடைமாலையைச் சரிசெய்துகொண்டு நின்றாள். ஆனால் மத்தியானம் என் இலையில் பொங்கல் இரண்டு மடங்கு இருந்தது.

இந்தக் கடிதத்தை அந்தப் பிள்ளைக்கும் வாசித்துக் காட்டு. அடுத்த பொங்கலுக்கு லீவு எடுத்து இருவரும் வாருங்கள். அவளிடம் நேரில் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று என்னிடம் இருக்கிறது. மருந்தை நேரத்துக்குக் குடி. நம் வைரவரும் றோசம்மாவின் மாதாவும் உங்களுக்குத் துணை.

இப்படிக்கு,
உங்கள் இருவரினதும் அப்பா,
சி. தில்லைநாதன்