வடக்கே விட்ட வாட்டம்

12 ஆகஸ்ட் 2023, சனி
எங்கள் சந்துக்குச் சிமெண்ட் ரோடு வரப்போகிறது. நான் வார்டு மெம்பராகி உருப்படியாகச் செய்யும் முதல் வேலை. ஓவர்சியர் வந்து பார்த்தார். சந்து குறுகல், ஒரு பக்கம் மட்டும்தான் வாட்டம் விட முடியும், மழைத் தண்ணீர் அந்தப் பக்கமாக இறங்கும் என்றார். வடக்கே எங்கள் வீடு. எதிரே அம்சவல்லி வீடு.

எந்தப் பக்கம் பள்ளம் என்று கேட்டார். அவள் எங்கள் பக்கம் என்றாள், நான் அவள் பக்கம் என்றேன். வயலில் தண்ணீர் எங்கே போகும் என்று கண்ணாலேயே சொல்லிவிடுகிற ஆட்கள் நாங்கள்.

13 ஆகஸ்ட்
"நீதான் மெம்பரு. உன் வீட்டுப் பக்கமா வாட்டம் விடுவ?" என்று அம்சவல்லி கேட்டுவிட்டாள். நான் இந்தச் சந்துக்கு வாழ வந்த நாளிலிருந்து சாயங்காலமானால் "டீ போட்டுட்டேன், வாடி" என்பவள். இன்று கூப்பிடவில்லை.

நான் என்ன அப்படிப்பட்டவளா? — அவள் பக்கம் தள்ளிவிடத்தான் நினைத்திருந்தேன். அதனால்தான் இவ்வளவு ஆத்திரம் வருகிறதோ?

21 ஆகஸ்ட்
"எங்க பக்கமே விடுங்க சார்" என்று ஓவர்சியரிடம் சொல்லிவிட்டேன். செழியன் தலையில் அடித்துக்கொண்டார். "உன் ரோஷத்துக்கு நம்ம வாசல்ல தண்ணிய விடுவியா?" விடுவேன். கட்டிய புருஷன் கேட்டாலும் அதே பதில்தான்.

5 செப்டம்பர்
ரோடு போட்டாகிவிட்டது. டீ இல்லை.

17 நவம்பர்
விடாத மழை. சந்து முனையில் இருக்கும் வாய்க்கால் நிரம்பி உள்ளே ஏறியது. நான் விட்ட வாட்டம் ஒழுங்காக வேலை செய்து, அத்தனை தண்ணீரும் எங்கள் வாசலில். செழியன் வாளியை எடுத்துத் தண்ணீரை இறைக்க ஆரம்பித்தார். திட்டியிருந்தாலாவது தேவலை.

அழுகை முட்டிக்கொண்டு வர, தண்ணீரில் நின்றேன். காலில் ஏதோ அடித்தது. கெண்டை! குனிந்து பார்த்தால் வாசல் முழுக்க மீன்.

எதிரே காய்ந்த படியில் நின்று அம்சவல்லி பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடையோடு இறங்கி வந்தாள்.

"மெம்பருன்னா மீனெல்லாம் உன் பக்கமாடி?"

வயிறு வலிக்கச் சிரித்தேன். அவளும்தான். சேற்றில் வழுக்கி விழுந்து விழுந்து பிடித்தோம். எவ்வளவு சந்தோஷம்!

18 நவம்பர்
மழை விட்டது, வாய்க்காலும் இறங்கிவிட்டது. அம்சவல்லி மண்வெட்டியோடு வந்து, எங்கள் வாசல் தண்ணீர் வாய்க்காலுக்கு வடிய ஒரு சின்னக் கால்வாய் வெட்டினாள். செழியன் மண் அள்ளிப் போட்டார்.

சாயங்காலம் எதிர் வீட்டிலிருந்து குரல். "டீ போட்டுட்டேன், வாடி."

மீன் குழம்பும் கொடுத்தனுப்பினாள். உப்பு ரொம்பத் தூக்கல். ஒரு வாய் வைத்துவிட்டுச் செழியன் என்னைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு, பேசாம சாப்பிடுங்க" என்றேன்.