கிண்ணத்தில் விழுந்த கோலி

என் வீட்டு மகாராணிக்கு,

இன்று டெப்போவில் பஸ்ஸை ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். முடங்கிக் கிடந்த அதே வலது காலால் பிரேக்கை மிதித்தேன். வண்டி கோட்டருகே கச்சிதமாக நின்றது. மேனேஜர், "யாருகிட்டய்யா வைத்தியம் பார்த்தே?" என்றார். "கோலி விளையாடினேன் சார்" என்றேன். முறைத்தார்.

கூடத்தில் நீ கோலிகளைக் கொட்டி, கால்விரலால் கவ்விக் கிண்ணத்தில் போடச் சொன்னபோது உன்னை என்ன பாடுபடுத்தினேன்! "நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று நல்ல காலால் கிண்ணத்தை எட்டி உதைத்தேன். நீ அதை எடுத்துவந்து, "சரி, போட்டி. தோத்தவங்க பாத்திரம் கழுவணும்" என்று எதிரே உட்கார்ந்தாய். உன் கோலிகள் கிண்ணத்து விளிம்பு வரை வந்து நழுவின. தினமும் நீதான் கழுவினாய். நானும் மார்தட்டிக்கொண்டேன்.

உன் அம்மாவைப் பார்க்கக் கிளம்பிய அன்று, இரண்டு கையிலும் பை. கூடத்தில் உன் வழியில் ஒரு கோலி கிடந்தது. என்னிடம் பேசிக்கொண்டே அதைக் கால்விரலால் கவ்வி, திரும்பிப் பார்க்காமலே கிண்ணத்தில் போட்டுவிட்டுப் போனாய்.

ஜெயிக்க அழுகுணி ஆட்டம் ஆடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தோற்க ஆடியவள் நீ ஒருத்திதான்.

சீக்கிரம் வா. பாத்திரமெல்லாம் கழுவி வைத்திருக்கிறேன்.

உன்
டிரைவர்